ரிப்போர்ட்டில் இருந்த பன்னிரண்டு பேர்

ரெஜிலாவின் திட்ட அறிக்கையில் எழுதியிருந்த பன்னிரண்டு வேலையாட்களும், அதை அவள் வங்கியில் கொடுத்த மறுநாள் காலை எட்டரை மணிக்கு வேலைக்கு வந்துவிட்டார்கள். அன்று அமரவிளையில் முழுப் பலாச்சக்கை ஒன்று நாற்பது ரூபாய்; செங்கல் ஊர்ப்பக்கம் முப்பத்தைந்துக்கும் கிடைத்தது. சக்கை வற்றல் கம்பெனி தொடங்க அவள் சிறுதொழில் கடன் கேட்டிருந்தாள். 'திறமையுள்ளவர் நால்வர், உதவியாளர் எட்டுப்பேர்' என்று நெய்யாற்றின்கரை ஆடிட்டர் தன் பாட்டுக்கு எழுதிவைத்தார். ஆடிட்டர்மார் எண்களை அள்ளி விதைக்கிறவர்கள். அது முளைக்கும் என்று அவர்களுக்கே தெரியாது. பேர் எழுதாததால் வந்தவர்களுக்கும் பேரில்லை. வீட்டுக் கொட்டகையில் இரண்டு வரிசையாக உட்கார்ந்து, இல்லாத சக்கையை இருப்பதுபோலவே அரிந்தார்கள். கூலி கேட்கவில்லை, சோறும் கேட்கவில்லை. ரெஜிலாவின் கணவன் ரெத்தினதாஸ் எட்டிப்பார்த்து, "கடன் வருமுன்ன ஆளு வந்தாச்சா? நல்ல ஐசுவரியம் ஆக்கும்" என்று சொல்லிவிட்டு ரப்பர் பாலெடுக்கப் போனான். அவர்களில் இளையவளுக்கு மட்டும் ரெஜிலா லிஜா என்று பேரிட்டாள். பிறந்த மூன்றாம் நாளே போய்விட்ட தன் மகளுக்கு எடுத்துவைத்திருந்த பேர் அது.

ஆறு மாதம் கழித்து வங்கி மேனேஜர் கூப்பிட்டார். "இத்ர ஆளு வேண்டா சேச்சி, கூலி தாங்காது." ஆடிட்டர் பன்னிரண்டை அடித்து ஏழாக்கினார். மறுநாள் ஏழுபேர்தான் வந்தார்கள். மற்ற ஐந்துபேர் எங்கே என்று ஊரில் யாரும் விசாரிக்கவில்லை. சக்கை இருபத்தைந்துக்கு இறங்கியிருந்தது, அதுதான் பேச்சு. ரெஜிலா மட்டும் வந்தவர்களை எண்ணிக்கொண்டு முற்றத்தில் நின்றாள். கொட்டகை வாசலில் லிஜாவின் நீலச் செருப்பைக் கண்ட பிறகுதான் மூச்சே வந்தது. அடுத்த வருடம் வந்த மேனேஜர், மெஷின் இருக்கும்போது ஆள் எதற்கு என்றார், ஏழு மூன்றானது. அதற்கடுத்தவர் ஜாமீனுக்கு சர்க்கார் உத்தியோகஸ்தர் இரண்டுபேரைக் கேட்டார். ரெஜிலாவின் குடும்பத்தில் சர்க்கார் சம்பளம் வாங்கியவர் ஒருவருமில்லை. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். பன்னிரண்டு லட்சம் கேட்ட இடத்தில், ஒரே ஆள் செய்யும் தொழில் என்று எழுதித்தந்தால் ஐம்பதாயிரம் பார்க்கலாம் என்றார்கள்.

ஆடிட்டர் பேனாவைத் திறந்தார். "அந்த ஒரு ஆளு நீங்கதானே சேச்சி?"

ரெஜிலாவுக்கு அழுகை வந்தது. என்ன சொல்லப்போகிறோம் என்பது தெரிந்தேதான் சொன்னாள். "இல்ல சார். லிஜான்னு எழுதுங்க."

"பேரு எழுதுக வழக்கமில்லியே."

"எழுதுங்க சார். பேருள்ளவள ஆரும் லேசில அடிச்சுக் களையமாட்டாவ."

மறுநாள் காலை ரெத்தினதாஸ் கட்டன்சாயாவோடு கொட்டகைக்கு வந்து, "குடி மக்கா" என்று லிஜாவிடம் நீட்டினான். மூன்று வருடத்தில் அவள் எதையும் வாங்கிக் குடித்தது அன்றுதான். பக்கத்தில் நின்ற ரெஜிலா அவன் கண்ணில் படவில்லை. பெண்டாட்டி என்று ஒருத்தி இருந்த நினைப்பே அவன் முகத்தில் இல்லை. லிஜா மட்டும் தலைநிமிர்ந்து, "அக்கா, போறியளா?" என்றாள்.

"வாறேன் மக்கா."

ரெஜிலா ஹைவேக்கு வந்தபோது பஸ் ஸ்டாப்பில் மற்ற பதினொருபேரும் நின்றுகொண்டிருந்தார்கள், ரிப்போர்ட்டிலிருந்து போன வரிசையிலேயே. "எலே, தள்ளி நில்லு. மொதலாளியம்மா வந்தாச்சு" என்றார் முதலில் நின்ற கிழவர். களியிக்காவிளை பஸ் வந்தது, நிற்காமல் போனது. அது அவர்களுக்காக என்றுமே நின்றதில்லை என்பதால் யாரும் கைகாட்டவில்லை.

"பேங்கில புது மேனேஜர் சார்ஜ் எடுத்தாச்சாம்" என்றது ஒரு குரல். "எல்லா ரிப்போர்ட்டும் மாத்தி எழுதணுமாம்."

ரெஜிலா கொஞ்சம் நகர்ந்து, தன் பக்கத்தில் இன்னும் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு நின்றாள்.