கன்னியம்மாள் சிரித்த பக்கம்

உப்பளம் என்கிற பேட்டையில் ஸ்டிக்கர் வெட்டும் கடை வைத்திருக்கிறேன். என் பெயர் செம்மல். கோபக்காரன் என்று தெருவே சொல்லும், சொல்லட்டும். கம்ப்யூட்டரில் வரைவதற்கென்று தனியாக விற்கும் பேனாப் பலகை இல்லாமல் பென்சில் படத்தை நல்ல கோடாக மாற்றவே முடியாது என்று அடித்துச் சொல்லி வந்தவன் நான். ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம்.

அன்று மத்தியானம் ஒரு பென்சில் படத்தோடு முத்துவேல் வந்தார். மீன்பிடிக்கிறவர். மறுநாள் காலை அவருடைய புதுப் போட்டைக் கடலில் இறக்குகிறார்கள். அதற்குள் போட்டின் இரண்டு பக்கமும் அவருடைய அக்கா கன்னியம்மாளின் முகத்தை ஒட்ட வேண்டும். தாயில்லாத தம்பியை மீன்கூடை சுமந்து வளர்த்தவர், போன மழைக்காலத்தில் இறந்துவிட்டார். இருக்கிற ஒரே போட்டோ ஆதார் அட்டையில்தான், அதில் போலீசைக் கண்டவர் போல விழித்துக்கொண்டிருப்பார். இந்தப் படம், என் கடையில் டிசைன் செய்யும் அரீபா மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனபோது கன்னியம்மாளைப் பார்த்து வரைந்து அவர் கையிலேயே கொடுத்தது.

"அக்கா சிரிச்ச முகம் எங்கிட்ட இது ஒண்ணுதான் இருக்குது," என்றார் முத்துவேல்.

காகிதம் கசங்கி, மீன்தண்ணி பட்டுக் கறையாகியிருந்தது. ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டர் தானாகவே கோடு எடுக்கும் வசதியை நான்தான் அழுத்தினேன். அது மடிப்பையும் கறையையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. கன்னியம்மாளுக்கு மீசை முளைத்தது. முத்துவேல் வேறு பக்கம் பார்த்தார்.

"நகருங்கண்ணா," என்றாள் அரீபா.

காகிதத்தை வெளியே நிழலில் வைத்து, தன் நிழலும் விழாமல் நேர்மேலே இருந்து போனில் படமெடுத்தாள். கம்ப்யூட்டரில் ஏற்றி, மங்கலாக்கி, அசையாமல் பூட்டினாள். அதன்மேல் கண்ணாடித்தாள் வைப்பது போல ஒரு வெற்று லேயர். பிறகு மவுஸைப் பிடித்தாள்.

"மவுஸ்ல கை நடுங்குமே," என்றேன்.

"கோடு இழுத்தாதான நடுங்கும். வளைவு திரும்புற எடத்துல புள்ளி வெக்கிறேன். அப்புறம் புள்ளியப் புடிச்சு வளைச்சுக்கலாம்."

அப்படியே செய்தாள். மடிப்பை விட்டாள், கண்ணோரச் சுருக்கத்தை எடுத்தாள். எது காகிதத்தின் கோடு, எது மனுஷியின் கோடு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கன்னத்து வளைவை மட்டும் அழித்து அழித்துப் போட்டாள். பின்னால் நின்ற எனக்குப் பொறாமையாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது, சொன்னால் என்ன.

முகம் வந்துவிட்டது. முத்துவேல் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் எதிரே உட்கார்ந்துகொண்டார்.

போட்டில் ஒட்டும் முகம் இரண்டு பக்கமும் முன்னோக்கித்தான் பார்க்க வேண்டும், அதுதான் வழக்கம். எத்தனையோ சாமியையும் தலைவரையும் அப்படித்தான் ஒட்டியிருக்கிறோம். படத்தில் கன்னியம்மாள் ஒரு பக்கமாகத் திரும்பிப் பார்க்கிறார். அதனால் அடுத்த பக்கத்துக்காகப் படத்தை ஒரே கிளிக்கில் இடவலமாகத் திருப்பினேன்.

"இது யாருங்க?" என்றார் முத்துவேல்.

வலது மூக்கில் இருந்த மூக்குத்தி இடதுக்குப் போயிருந்தது. "அத மட்டும் மாத்திடு," என்றேன். அரீபா மாற்றிப் பார்த்தாள். உடனே பழையபடி வைத்துவிட்டாள்.

"மூக்குத்தி மட்டும் இல்லண்ணா. அவங்களுக்கு ஒதடு ஒரு பக்கமாதான் ஏறும். இப்பிடித் திரும்பி நின்னா எப்பிடி சிரிப்பாங்கன்னு நான் பாக்கல. பாக்காதத வரைஞ்சா வேற யாரோ ஆயிடுவாங்க."

எனக்குக் கோபம் வந்தது. "திருப்பாம ஒட்டினா மூஞ்சி பின்னால பாக்கும். ஊரே சிரிக்கும். விடிஞ்சா போட்ட எறக்கணும், தெரியுமா?"

"தெரியும். ஆனா என்னால பொய்யா வரைய முடியாதுண்ணா," என்று மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

முத்துவேல் எங்கள் சண்டையைக் கவனிக்கவே இல்லை. "திருப்பாம ஒட்டினா சரியா எங்க பாக்கும்?" என்று கேட்டார்.

"பின்னால. மோட்டார் இருக்கிற பக்கம்."

"மோட்டார்கிட்ட நான்தாங்க உக்காந்திருப்பேன்." என்றார் அவர். "ஒரு பக்கம் கடலப் பாக்கட்டும். ஒரு பக்கம் என்னப் பாத்து சிரிக்கட்டும்."

நான் மெஷினைப் போட்டேன். இரண்டாவதையும் திருப்பாமலே வெட்டினேன்.