காலை ஒன்பது பதினான்கு

மூன்று கார் நிற்க வேண்டிய இடத்தை அடைத்துப் பள்ளிக்கூடப் பேருந்தை நிறுத்திவிட்டு, டோரீன் சபோ நீதிமன்றக் கட்டடத்தின் படிகளில் ஏறி ஓடினாள். வயது ஐம்பத்தாறு. இடது முழங்கால் போன வருடமே மக்கர் செய்ய ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கு அதன் புலம்பலைக் கேட்க அவளுக்கு நேரமில்லை. காலை நடைப் பிள்ளைகளை இறக்கிவிட்டு அப்படியே வந்திருந்தாள். கையில் ஒரு அட்டைக் கோப்பு, அதற்குள் முப்பத்தேழு கடிதங்கள்.

கூடத்துக்குள் நுழைந்ததும் கண் கூசியது. எங்கே பார்த்தாலும் ஆரஞ்சு நிற பனியன்கள். ஒவ்வொரு நெஞ்சிலும் ஒரே வாசகம்: 'உங்கள் நலமே எங்கள் மூச்சு.' எல்லாரும் அந்தக் காப்பீட்டுக் கம்பெனியின் ஊழியர்கள். கம்பெனியின் பெயரைச் சொன்னால் வழக்குப் போடுவார்கள், அவர்களிடம் வக்கீல்களுக்குப் பஞ்சமில்லை. ஆகவே கம்பெனி என்றே வைத்துக்கொள்வோம்.

கடைசி வரிசையில் அவள் கணவன் லெஸ் கையை ஆட்டினான். மூக்கில் குழாய், காலடியில் சக்கர வண்டியில் ஆக்சிஜன் உருளை. அவன் மூச்சை இழுக்கும்போதெல்லாம் அது 'உஸ்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். அதற்கு அவன் 'உங்கம்மா' என்று பெயர் வைத்திருந்தான். எங்கே போனாலும் கூடவே வருகிறதாம், எதைச் செய்தாலும் உஸ் உஸ் என்று குறை சொல்கிறதாம்.

"உனக்கு முப்பத்து நாலாம் நம்பர், டோரி," என்றான் லெஸ். "நான் எட்டரைக்கே வந்தேன். இந்த ஆரஞ்சுப் பழங்க ஏழு மணிக்கே வந்து பேர் குடுத்துட்டாங்க. டோனட் வேற குடுத்து உக்கார வெச்சிருக்காங்க."

"எத்தனை பேரு?"

"முப்பத்து மூணு."

டோரீன் கூட்டிப் பார்த்தாள். பொதுமக்கள் பேச ஒரு மணி நேரம். ஆளுக்கு இரண்டு நிமிடம். முப்பதாம் ஆள் பேசி முடித்ததும் கூட்டம் கலைந்துவிடும். முப்பத்து நாலாம் ஆள் வீட்டுக்குப் போய்ச் சுவரிடம் பேசிக்கொள்ளலாம். எவ்வளவு சுத்தமாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்! நோயாளியின் கோப்பைப் படிக்க மட்டும் இந்த அக்கறை வரமாட்டேன் என்கிறது.

கம்பெனி பக்கத்து மாநிலத்துக் கம்பெனி ஒன்றை விழுங்கப் பார்த்தது. அதற்கு மாநில அரசின் அனுமதி வேண்டும். அனுமதிக்கு முன் ஜனங்கள் வந்து பேசலாம் என்பது சட்டம். பேசினால் பதிவாகும். பதிவானதற்குக் கம்பெனி பதில் சொல்லியே ஆக வேண்டும். காகிதமாகக் கொடுப்பதென்றால் பத்து நாள் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். டோரீன் அனுப்பத்தான் செய்தாள். இடையில் ஒரு திங்கட்கிழமை அரசு விடுமுறை என்பது அவள் நினைவுக்கு வரவில்லை. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவளே விடுமுறையை மறந்தால் யாரை நோவது? கட்டு ஒரு நாள் தாமதமாகப் போய், பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. இனி வாயால் படித்தால்தான் உண்டு.

லெஸ் முப்பத்தொரு வருடம் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். அங்கே பறந்த கண்ணாடித் தூசி நுரையீரலைத் தழும்பாக்கிவிட்டது. மாதம் ஒரு ஊசி போட்டால் தழும்பு பரவாது. இரண்டு வருடம் போட்டார்கள், பரவவில்லை. திடீரென்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது: 'மருத்துவ ரீதியில் தேவையில்லை.' ஆறு வாரத்துக்குள் ஊசியைத் திரும்ப ஆரம்பிக்காவிட்டால் பிறகு போட்டும் பிரயோசனமில்லை என்று நுரையீரல் டாக்டர் சொல்லிவிட்டார். நாலு வாரம் போய்விட்டது. மிச்சம் இரண்டு.

டோரீன் கம்பெனிக்குப் பத்தொன்பது தடவை போன் செய்தாள். பெரும்பாலும் ஒரே பெண்தான் எடுத்தாள். ஜலதோஷம் பிடித்ததுபோல் கரகரத்த குரல், பெயர் சொல்ல அனுமதி இல்லையாம். பதினெட்டாம் தடவை டோரீன் அவளைக் கண்டபடி திட்டித் தீர்த்தாள். பத்தொன்பதாம் தடவை மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டாள். அந்தக் குரல் தாழ்ந்தது. பிறகு சொன்னது:

"கடிதத்தோட அடியில பொடி எழுத்து இருக்கும் மேடம். அதையும் படிச்சுப் பாருங்க. வேற ஏதாவது உதவி வேணுமா?"

பொடி எழுத்தில் இருந்தது இவ்வளவுதான்: 'ஆய்வு செய்த மருத்துவர்: பிரிஸ்கோ. முடித்த நேரம்: மார்ச் 3, காலை 9:14.'

இதில் என்ன இருக்கிறது என்று டோரீனுக்கு முதலில் விளங்கவில்லை. வியாழக்கிழமை, பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் கூடத்தில் குழுப் போட்டி நடந்தபோது, பக்கத்துத் தடத்துக்காரர் தன் மனைவியின் புற்றுநோய் மருந்தை மறுத்த கடிதத்தைக் காட்டினார். அதிலும் மார்ச் 3, காலை 9:14. டோரீன் கையிலிருந்த பந்தை அப்படியே கீழே வைத்தாள்.

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. பேருந்து நிறுத்தங்களில் பிள்ளைகளின் அம்மாக்களிடம் கேட்டாள். தேவாலயத்து வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் மேசை மேசையாகக் கேட்டாள். அந்த ஊரில் இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே தடத்தில் பந்துகூட உருட்டமாட்டார்கள். தேர்தல் வந்தால் அண்ணன் தம்பிக்குள் பேச்சு வார்த்தை கிடையாது. ஆனால் ஒரு கட்சியின் சிவப்புத் தொப்பிக்காரரும் கடிதம் கொண்டுவந்தார், அவரைக் கண்டாலே முறைக்கும் எதிர்வீட்டு ஆசிரியையும் கொண்டுவந்தாள். இரண்டிலும் அதே 9:14. டோரீன் கிட்டத்தட்ட நாற்பது வருடமாக ஓட்டுப் போட்டு, இரண்டு கட்சியையும் மாற்றி மாற்றித் திட்டி வந்தவள். ஜனங்களைச் சண்டைபோட விட்டுவிட்டு மேலே ஒருவன் நிம்மதியாக முத்திரை குத்திக்கொண்டிருக்கிறான் என்பது அவளுக்கு அந்த மீன் விருந்தில்தான் உறைத்தது.

இப்போது கூடத்தில் விசாரணை அதிகாரி ஹாலிஸ்டர் மணியைத் தட்டினார். மைக்குக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு: பச்சை என்றால் பேசலாம், மஞ்சள் என்றால் முடிக்க வேண்டும், சிவப்பு விழுந்தால் மைக் தானே அணைந்துவிடும்.

முதல் ஆரஞ்சு எழுந்தான். "இந்தக் கம்பெனி என் குடும்பம் மாதிரி." இரண்டாவது ஆரஞ்சு எழுந்தாள். "இந்தக் கம்பெனி என் குடும்பம் மாதிரி." எழுதிக் கொடுத்தவனுக்கு இரண்டாவது வாக்கியம் எழுதக்கூடச் சோம்பல். டோரீன் பல்லைக் கடித்தாள்.

"ஆறாம் நம்பர்," என்றார் அதிகாரி.

மெலிந்த பெண் ஒருத்தி எழுந்துபோனாள். முப்பது வயதிருக்கும். காகிதத்தை விரித்தாள், மடித்தாள்.

"சார், ஒரு சந்தேகம். என் நேரத்தை வேற ஒருத்தருக்குக் குடுக்கலாமா?"

கரகரத்த குரல். டோரீன் துள்ளி எழுந்தேவிட்டாள். "லெஸ்! அவதான்! போன்ல அவதான்!"

"விதிப்படி தரலாம்," என்றார் ஹாலிஸ்டர். "யாருக்கு?"

"முப்பத்து நாலாம் நம்பர் டோரீன் சபோவுக்கு, சார். என் பேரு ட்ரினா மோஸ்லி. பதிவுல எழுதிக்கோங்க."

பின்சுவரில் சாய்ந்திருந்த கம்பெனி மேலாளனின் முகம் அவன் ஆட்களின் பனியனைவிடச் சிவந்துபோனது. டோரீன் முழங்காலை மறந்து நடுப்பாதையில் ஓடினாள். பச்சை விளக்கு எரிந்தது.

"என்கிட்ட முப்பத்தேழு கடிதம் இருக்கு. முப்பத்தேழும் ஒரே நாள், ஒரே டாக்டர், ஒரே நிமிஷம். காலைல ஒன்பது பதினாலு! எல்லாரும் படிக்கச் சம்மதம் குடுத்திருக்காங்க, படிக்கறேன். ஜூன் பெட்ரி, மார்புல புற்றுநோய். வால்டர் கிம்பிள், சிறுநீரகம். கிம்பிளோட பேத்தி ஐவி, ஏழு வயசு, வலிப்பு…"

ஒன்பதாவது பெயரில் சிவப்பு விழுந்தது. மைக் செத்தது.

ஏழாம் நம்பர் எழுந்துபோய், கம்பெனி தன் குடும்பம் மாதிரி என்று இரண்டு நிமிடம் சொல்லிவிட்டு வந்தான். டோரீன் ஓரமாக நின்று, கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவ்வளவுதானா?

எட்டாம் நம்பர் ஒரு மலை மாதிரி ஆள். கட்டடத்தைப் பராமரிக்கிறவன். பனியன் வயிற்றுக்கு எட்டவில்லை. "எனக்குப் பேச்சு வராது," என்றான். "அந்தம்மா படிக்கட்டும்."

டோரீன் மறுபடி பாய்ந்தாள். படித்தாள். சிவப்பு. ஒன்பதாம் நம்பர் தலை குனிந்தபடி கையைத் தூக்கினாள்: "என்னோடதும்." கூடத்தில் யாரோ கைதட்டினார்கள், அதிகாரி மணியைத் தட்டினார், மேலாளன் போனில் யாரிடமோ கிசுகிசுத்தான். பத்தாம் நம்பர் ஒரு நரைத்த ஆள். நேராக டோரீனிடம் வந்து, சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினான்.

"என் நேரத்தை எடுத்துக்கோங்க மேடம். இதையும் சேத்துப் படிங்க. எம்மவனோடது. எங்களுக்கும் இதே காப்பீடுதானே. நானும் ஒன்பது பதினாலு."

டோரீன் அவன் முகத்தைப் பார்த்தாள். காலை முழுக்க இவர்களை ஆரஞ்சுப் பழம் என்று மனதுக்குள் வைதது அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட நேரமில்லை, பச்சை எரிந்துகொண்டிருந்தது. முழுவேகத்தில் படித்தாள். பெயர், நோய். பெயர், நோய். பதிவு எடுக்கும் சுருக்கெழுத்துக்காரியின் விரல்கள் பறந்தன. லெஸ்ஸின் கடிதத்தை அவள் கடைசியில் வைத்திருந்தாள். ஊரார் கடிதங்களை வாங்கிவந்தவள் வீட்டுக்காரனை முதலில் படிப்பது நியாயமில்லை என்று அவள் எண்ணம். மஞ்சள். முப்பத்தாறு. நரைத்தவனின் மகன் முப்பத்தேழு.

"முப்பத்தெட்டு. லெஸ் சபோ…"

சிவப்பு. மைக் அணைந்தது.

பதினொன்றாம் நம்பரை மேலாளன் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்திருந்தான். டோரீன் கோப்பை மூடினாள். எல்லாருக்கும் படித்தாயிற்று, தன் புருஷனுக்கு மட்டும் ஒரு வார்த்தை மிச்சம்!

ஹாலிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். சாட்சிகள் வரிசையைப் பார்த்தார். உண்மையே சொல்வதாகக் காலையில் சத்தியம் செய்துவிட்டு, கம்பெனியின் தலைமை மருத்துவ ஆய்வாளர் என்ற பலகைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர் பிரிஸ்கோ, நீங்க மைக் முன்னால வாங்க. அந்தம்மா கடைசிப் பேருக்கு நோயைச் சொல்லி முடிக்கல. லெஸ் சபோ. அவருக்கு என்ன நோய்?"

கம்பெனி வக்கீல் துள்ளினார். "சார், டாக்டர் கையில இப்போ கோப்பு இல்ல…"

"ஒன்பது பதினாலுக்கு இருந்துச்சுல்ல? எல்லாருக்கும் குடுத்த மாதிரி அவருக்கும் ரெண்டு நிமிஷம் தர்றேன்." அதிகாரி பொத்தானை அழுத்தினார். பச்சை எரிந்தது.

பிரிஸ்கோ கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார். மேசையில் இருந்த வெற்றுக் காகிதத்தைப் பார்த்தார். கூடத்தில் ஒருவரும் அசையவில்லை. அந்த அமைதியில் கடைசி வரிசையிலிருந்து ஒரு சத்தம் தெளிவாகக் கேட்டது.

உஸ்.

ஒரு தலை திரும்பியது.

உஸ்.

ஆரஞ்சுத் தலைகள் எல்லாம் திரும்பின. அதிகாரியும் நிமிர்ந்து பார்த்தார். சுருக்கெழுத்துக்காரியும் பார்த்தாள். மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்த லெஸ், எல்லாரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு கூச்சத்தோடு கையை ஆட்டினான். அந்தக் கூடத்தில் லெஸ் சபோவுக்கு என்ன நோய் என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியவில்லை.

மஞ்சள். சிவப்பு.

"ரெண்டு நிமிஷம் குடுத்தோம், பதில் இல்லன்னு பதிவு பண்ணிக்கோங்க," என்றார் ஹாலிஸ்டர். பிறகு வக்கீலைப் பார்த்தார். "இந்த முப்பத்தெட்டு கோப்பையும் வெளி டாக்டர்கள் வெள்ளிக்கிழமைக்குள்ள படிக்கணும். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் மருந்தை நிறுத்தக் கூடாது, நாளைக்கே ஆரம்பிக்கணும். ஒத்துக்கிட்டா மேல பேசலாம். இல்லன்னா உங்க விண்ணப்பத்தை இப்பவே மூட்டை கட்டிடறேன்."

வக்கீல் மேலாளனைப் பார்த்தார், மேலாளன் போனைப் பார்த்தான், போனில் இருந்த யாரோ ஏதோ சொன்னார்கள். "ஒத்துக்கறோம்," என்றார் வக்கீல், பல்லைக் கடித்துக்கொண்டு.

கூடம் வெடித்தது. மணியை யார் கேட்டார்கள்? கேட்க வந்திருந்த சிவப்புத் தொப்பிக்காரர், தானும் வந்திருந்த எதிர்வீட்டு ஆசிரியையைக் கட்டிப்பிடித்துவிட்டு, செய்த காரியம் புரிந்ததும் சட்டென்று விலகி நின்றார். டோரீன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ட்ரினாவிடம் போனாள். அவள் பனியனைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தாள், உள்ளே சாதாரணச் சட்டை.

"வேலை போயிடுச்சு மேடம். இப்பதான் செய்தி அனுப்பினாங்க."

"அனுப்பட்டும். பஸ் ஓட்டுவியா? எங்க டிப்போவுல ஆள் கிடைக்காம அல்லாடறாங்க. நான் கத்துத் தர்றேன். பிள்ளைங்க கத்தும், ஆனா நான் உன்னைத் திட்டின அளவுக்கு எவனும் திட்டமாட்டான்."

ட்ரினா சிரித்தாள், அழவும் செய்தாள். டோரீன் அவளையும் இழுத்துக்கொண்டு கடைசி வரிசைக்கு வந்தாள். லெஸ் எழுந்து நிற்க முயன்றுகொண்டிருந்தான். அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நாளைக்கு ஊசி. நாளைக்கே! காதுக்குப் பக்கத்தில் உஸ் என்றது. முதல் தடவையாக அந்தச் சத்தம் அவளைப் பயமுறுத்தவில்லை.

லெஸ் காலடியில் இருந்த உருளையைச் செல்லமாகத் தட்டினான்.

"இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான், டோரி," என்றான் மூச்சு வாங்க, "உங்கம்மா சரியான நேரத்துல வாயைத் தொறந்திருக்கா."