பிரசங்கக் கவரில் சினிமா

ஆம்பூர் ஷூ ஃபேக்டரியில் கட்டிங் சூப்பர்வைசர் எலியாஸ் பயப்படுவது ஒரே ஆளுக்குத்தான், பெண்டாட்டி கேத்தரினுக்கு. வேலூரில் நர்ஸ். சர்ச் கன்வென்ஷன் கூட்டத்தில் மனசு உருகி, இனிமேல் நம் வீட்டில் சினிமா கிடையாது என்று கர்த்தரிடம் நேர்ந்து பொருத்தனை பண்ணிவிட்டு வந்தவள். எலியாஸுக்கோ படம் பார்க்காவிட்டால் சோறு இறங்காது. என்ன செய்வான் பாவம்? வாங்கிய சினிமா டிவிடிகளையெல்லாம் 'கிருபையின் வாசல்' மாதிரி பிரசங்க டிவிடி கவர்களுக்குள் போட்டு, பைபிளுக்குப் பக்கத்திலேயே அடுக்கிவிட்டான். அவள் நைட் டியூட்டி போனால் வீடு தியேட்டர். வீட்டு ஜெபத்துக்கு வரும் பாஸ்டர்கூட அந்த அலமாரியைப் பார்த்து மெச்சுவார்.

இரண்டாயிரத்து எட்டில் ஒரு சாயங்காலம் எலியாஸ் வீட்டுக்கு வந்தால், அலமாரி காலி.

"ஏங்க, டிவிடியெல்லாம் அமீர் பாஷா பாய் கிட்ட குடுத்துட்டேன். மொத்தத்தையும் ஒரே ஹார்டு டிஸ்க்ல ஏத்தித் தர்றாராம். நாளைக்கு டிவில போட்டுப் பாக்கலாம்" என்றாள் கேத்தரின்.

மாட்டினோமடா என்று பாயின் கம்ப்யூட்டர் சென்டருக்கு ஓடினான்.

"வா தோஸ்த்! கவர்ல இன்னா எழுதியிருக்கோ அதே பேரைத்தான் வச்சிருக்கேன்" என்றார் பாய். "ஆனா உங்க பிரசங்கத்துல சண்டை கொஞ்சம் ஜாஸ்திப்பா."

"பாய், கால்ல விழறேன், அழிச்சுடுங்க!"

"சண்டைய மட்டுமா?"

"எல்லாத்தையும்!"

பாய் அழித்தார். எலியாஸ் அதோடு விட்டானா? விடிந்ததும், பாயிடம் திரும்ப வாங்கிய டிவிடிகளை ஃபேக்டரிக்குத் தூக்கிப் போய், தோல் வெட்டுகிற மிஷினில் வைத்து, ஒன்று விடாமல் உள்ளங்கால் வடிவத்தில் நறுக்கித் தள்ளினான். நெஞ்சு வலித்தது. பெற்ற பிள்ளையை வெட்டுகிற மாதிரிதான் இருந்தது.

சாயங்காலம் கேத்தரின் பக்கோடா சுட்டு வைத்துவிட்டு அவன் கொண்டுவந்த ஹார்டு டிஸ்க்கை டிவியில் மாட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை.

"வைரஸ் பூந்துடுச்சாம்" என்றான் எலியாஸ், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"டிவிடி?"

"அதுவும் போய்டுச்சு."

கேத்தரின் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். கண் கலங்கிவிட்டது.

"'கிருபையின் வாசல்' கூடவா? ஐயோ, அந்தப் பொண்ணு கல்யாணத்தன்னிக்கு ஓடிப்போனாளா இல்லியா? பாதில நிறுத்திட்டு டியூட்டிக்குப் போய்ட்டேனே!"

எலியாஸ் வாயிலிருந்த பக்கோடா அப்படியே நின்றது.

"நீ... பாத்தியா?"

"நீங்க ஃபேக்டரி போனப்புறம் மூணு வருஷமா பாக்குறேன். பொருத்தனை பண்ணவளே நான், எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்ககிட்ட சொல்றது? தனியா ஒளிஞ்சு ஒளிஞ்சு பாத்து அலுத்துப்போச்சுங்க. இனிமே ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கலாம்னுதான் ஏத்தச் சொன்னேன்."

எலியாஸுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"நீங்க முழுசாப் பாத்தீங்கல்ல? சொல்லுங்க" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

எலியாஸ் எழுந்தான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு டிவிக்கு முன்னால் போய் நின்று, "முதல்ல பொண்ணோட அப்பன் வர்றான்" என்று ஆரம்பித்தான்.