மனமொத்த மாறுதல்

என் உடம்பில் தணிக்கும் எழுத்தர் இல்லாமல் ஒன்பது நாட்கள் ஆகின்றன. எல்லோருக்கும் இரண்டு எழுத்தர்கள் உண்டு. ஒருவர் முடுக்குவார், மற்றவர் தணிப்பார். இதயம், குடல், எச்சில், கண்ணீர் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நம்மைக் கேட்க மாட்டார்கள்.

என் மனைவி செண்பகம் அதே ஒன்பது நாட்களாகத் தூங்குகிறாள். காலையில் அவள் இதயம் நிமிடத்துக்குப் பதினொரு முறை துடித்தது. மதியம் ஏழு. என்னுடையது நூற்றெண்பது. ஒன்பது நாளைக்கு முன் தின்ற இட்லி வயிற்றில் இன்னும் அப்படியே இருக்கிறது.

எழுத்தர்களின் அலுவலகம் எங்கள் வீட்டு மாடியில்தான். தாழ்வாரம் ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. நடக்க நடக்க நீண்டது. சுவர்கள் அடிக்கடி இறுகி என்னை முன்னே தள்ளின. வரி கட்டுகிற மனிதனை இப்படியா தள்ளுவார்கள்?

என் முடுக்கும் எழுத்தர் பவுல்துரை தலை நிமிரவில்லை. பக்கத்து நாற்காலியில் புதிய ஆள் ஒருவர் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குத்துக்கும் என் நெஞ்சு அதிர்ந்தது.

“இவர் யாரு?”

“உங்க சம்சாரத்தை முடுக்கிட்டு இருந்தவர் சார். உங்களைத் தணிச்சுட்டு இருந்த நம்ம வேதவல்லி மேடமும் இவரும் இடம் மாத்திக்கிட்டாங்க. மனமொத்த மாறுதல்.”

“அப்ப அவகிட்ட?”

“ரெண்டு பேருமே தணிக்கிறவங்க. அமைதியான செக்‌ஷன்.”

“யாரைக் கேட்டு மாத்துனீங்க?”

கோப்பைத் திருப்பிக் காட்டினார். செண்பகத்தின் விண்ணப்பம். காரணம் என்ற இடத்தில், ‘கல்யாணமாகிப் பதினாறு வருஷமாகத் தூங்கவில்லை’ என்று எழுதியிருந்தாள். கீழே என் சம்மதக் கையெழுத்து. அவள் நீட்டிய காகிதம் எதையும் நான் படித்துப் பார்த்ததில்லை.

“ரத்து பண்ணுங்க.”

“அவங்க கையெழுத்து வேணும் சார். அஞ்சு மணிக்குள்ள. இல்லைன்னா நிரந்தரம்.”

எனக்குப் பயமாக இருந்தது. பயத்துக்கு இப்போது இரண்டு பேர் வேலை பார்த்தார்கள்.

படிவத்தோடு கீழே ஓடினேன். செண்பகத்தின் தோளை உலுக்கினேன். பாதிக் கண் திறந்தாள்.

“ஒரே ஒரு கையெழுத்து, செண்பகம். இல்லைன்னா உன் இதயம் நின்னுடும்.”

பேனாவை அவள் விரல்களுக்கு நடுவில் வைத்தேன். படிவத்தை நிதானமாகப் படித்தாள்.

“யாருக்காகங்க எந்திரிக்கணும்?”

“எனக்காக” என்றேன். அதுதான் உண்மை.

அவள் பேனாவை மூடினாள். தினமும் காலையில் செய்வதுபோல என் சட்டைப்பையில் செருகிவிட்டாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அழ வேண்டும் போலிருந்தது. கண்ணீர் வேதவல்லி மேடத்தின் பொறுப்பு.

மணி நாலே முக்கால்.