கஸ்தூரி மஞ்சள் வரிசை

போன வருஷ மாசியில் புல்மேட்டிலிருந்து இறங்கிய தீ, மாடம்மாளின் தேன்பெட்டிகளில் இரண்டைத் தின்றுவிட்டது. மிஞ்சியது ஒன்று.

கல்லாற்றுக்கு மேலே அந்த மேட்டில் வெயில் காலம் முழுக்க யாராவது சிகரெட்டை எறிந்துகொண்டேதான் இருப்பார்கள். புல்லுக்கும் பெட்டிக்கும் நடுவே தீயைத் தடுக்கிற செடி வேண்டும். வருஷா வருஷம் தானே முளைத்துப் பூக்கவும் வேண்டும். எதை நடலாம் என்று கணவன் தளவாயைக் கேட்டாள். அவன் ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு நாட்டுமருந்து மொத்தக் கடையில் சரக்கு பார்ப்பவன். கிழங்கை முகர்ந்தே எந்த மலையிலிருந்து வந்தது என்று சொல்லுவான்.

"வெட்சி வைப்போமா? வருஷம் பூராப் பூக்கும்."

"குச்சிச் செடி. காஞ்சா வெறகு."

"ஆடாதோடை?"

"அதும் அப்படித்தான். இந்த மலையிலேயே வளருத கஸ்தூரி மஞ்சள் இருக்கு. கீழ கிழங்கு, மேல பூராத் தண்ணி. தீ என்ன செய்யும்?"

வைகாசி மழையில் மேட்டை ஒட்டி மூன்று வரிசை நட்டார்கள். டீக்கடை சபீனா வந்து பார்த்துச் சிரித்தாள்.

"எந்தா சேச்சி, தேனீச்சைக்கும் முகம் மினுக்கணுமோ?"

"ராணிக்கு மாப்பிள்ளை பாக்கோம்டி."

ஆடியில் இலைகள் இடுப்புயரம் வந்தன. தளவாய் ஓர் இலையைக் கிள்ளி லைட்டரைக் காட்டினான். இலை சீறியது, ஓரம் கறுத்தது, அவ்வளவுதான். அன்றைக்கே மாடம்மாள், வீட்டோரம் இருந்த பெட்டியை அந்தப் பச்சைச் சுவருக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள்.

தை பிறந்ததும் இலைகள் பழுத்தன. குடம் குடமாக ஊற்றினாள். மாசியில் அவை காய்ந்து சரிந்து, காற்றில் காகிதம்போல் உரசின. ஒருநாள் மத்தியானம் தளவாய்க்குப் போன் செய்தாள்.

"தண்ணி பத்தலை. இன்னும் ஊத்து," என்றான். பின்னால் மூட்டைகள் விழும் சத்தம்.

"என்ன எறக்குதாங்க அங்க?"

"கஸ்தூரி மஞ்சள். புதுச் சரக்கு."

"இப்பத்தான் தோண்டுவாங்களா?"

"ஆமா, இலை பட்டுப்போன பெறவுதானே கிழங்கு..." அவன் நிறுத்தினான். இத்தனை வருஷமும் அந்த மூட்டைகளை அவன் மாசியில்தான் பிரித்திருக்கிறான். "இன்னைக்கே வந்து அறுத்துப் போட்டுருதேன். இருட்டினதும் பெட்டிய எறக்கிரு."

பகலில் பெட்டியை நகர்த்தினால் வெளியே போன ஈக்களுக்கு வீடு தெரியாது. அரிவாளை எடுத்து ஓர் ஓரத்திலிருந்து தானே அறுக்கத் தொடங்கினாள். ஒரு வரிசையில் பாதி முடிவதற்குள் மேட்டில் புகை எழுந்தது. தீ புல்லிலிருந்து காய்ந்த இலைக்குத் தாவியது, முதல் வரிசையிலிருந்து இரண்டாவதற்கு. அவள் பெட்டியை நோக்கி ஓடியபோது அது ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. உருகும் மெழுகின் வாசனை வந்தது.

சாயங்காலம் ஈக்கள் திரும்பின. பெட்டி இருந்த உயரத்தில், வெறுங்காற்றை வெகுநேரம் சுற்றின. பிறகு ஒவ்வொன்றாகச் சாம்பலில் உட்கார்ந்தன. தளவாய் கையில் அரிவாளோடு வந்து நின்றான்.

சித்திரையில் முதல் மழை. சாம்பலைப் பிளந்துகொண்டு, இலையே இல்லாமல், இளஞ்சிவப்புப் பூங்கதிர்கள் மூன்று வரிசையாக நிமிர்ந்தன.

"கிழங்குக்கு ஒண்ணும் ஆகல," என்றான் தளவாய் மெதுவாக.

"நீங்க சொன்னது சரிதான்."

அவள் பூக்களுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். வெயில் ஏறும்வரை பார்த்திருந்தாள். ஒரு பூவின் வாயில் எறும்பு ஒன்று ஏறி, இறங்கிப் போனது. வேறு எதுவும் வரவில்லை.