நாக்கும் பிறப்புரிமையும்

"நாக்கைக் குழல்போல் மடிக்க இயலாத பெற்றோருக்கு, மடிக்க இயன்ற பிள்ளை பிறக்காது."

எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையின் பதினோராந் தர வகுப்பில், விஞ்ஞான ஆசிரியர் நிரஞ்சன் கரும்பலகையில் எழுதிய வாக்கியம் இது. எந்தக் குறிப்பேட்டிலிருந்து பெயர்த்தாரோ, நான் அறியேன். அதே பாடசாலையில் முப்பத்துநான்கு ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் ஒன்று மட்டும் சொல்வேன். 'பிறக்காது' என்பது எதிர்மறை வினைமுற்று. அது கதவை முற்றாகச் சாத்திவிடும். 'பெரும்பாலும்' என்று ஒரு சொல்லை முன்னே வைத்திருந்தால் ஒரு கீற்று வெளிச்சத்துக்காவது இடம் இருந்திருக்கும். அந்த ஒரு சொல்லை எழுதக் கை சோம்பியதால் ஒரு குடும்பம் பத்து நாள் தலைகுனிந்து நடந்தது.

பாடத்தின் பெயர் பிறப்புரிமையியல். பெற்றோரின் இயல்புகள் பிள்ளைகளிடம் எவ்வாறு இறங்குகின்றன என்பதை ஆராயும் பகுதி. வீட்டிலுள்ளோரின் நாக்குகளைச் சோதித்து, அட்டவணை எழுதி, தந்தையின் கையொப்பத்துடன் கொண்டுவருமாறு ஆசிரியர் மாணவரைப் பணித்தார்.

நிலக்ஷி அவ்வாறே செய்தாள். அவளுடைய நாக்கு, வாடிய கொழுந்து சுருள்வதுபோல் அழகாக மடியும். தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தி பிடிக்கும் அவள் தந்தை வீரய்யாவுக்கு மடியவில்லை. கொழுந்து பறிக்கும் தாய் தனலெட்சுமிக்கும் மடியவில்லை. கண்டதைக் கண்டபடி எழுதினாள். வகுப்பில் எழுந்து நின்று உரக்க வாசித்தாள்.

வாசித்து முடிக்குமுன்பே பின்வரிசை வாங்கிலிருந்து பிரதீபன் கேட்டான்.

"அப்ப ஒங்கப்பா யாருடி?"

வகுப்பு சிரித்தது. ஆசிரியர் அதட்டியிருக்க வேண்டும், அதட்டவில்லை. "நீ சரியாப் பாக்கல. திரும்ப எழுதிட்டு வா" என்றார். அவள் திரும்பச் சோதித்தாள். மூன்று நாள், மூன்று முறை, ஒரே விடை. நான்காம் நாள் அவர் குரலைத் தாழ்த்தி, "அப்பாவுக்கு முடியும்னு போட்டுடு. வேற வழியில்ல" என்றார். அவள் போடவில்லை.

வகுப்பறைச் சிரிப்பு மாலைக்குள், தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்துக்கு இறங்கிவிட்டது. பிள்ளைகள் வீரய்யாவைக் கண்டால் நாக்கை மடித்துக் காட்டிவிட்டு ஓடினார்கள். பெரியவர்கள் காட்டவில்லை, பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்கள். அது அதைவிடக் கொடியது. காலையில் ஆட்கள் கூடி வேலை பிரித்துக்கொள்ளும் பெரட்டுக்கு வீரய்யா போவதை நிறுத்தினார். மனைவியை அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஆனால் ஒருநாள் விடியலில் நிலக்ஷி கண்விழித்தபோது, சுவரில் தொங்கிய சிறு கண்ணாடியின்முன் நின்று, இரண்டு விரல்களால் தம் நாக்கின் ஓரங்களை மேலே தள்ளிக்கொண்டிருந்தார்.

"அப்பா, வேணாம்."

"இரு புள்ள. நேத்தைக்கு இன்னைக்குக் கொஞ்சம் வளையுது. ரெண்டு நாளு குடு."

இதை அவளே பின்னர் என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

அடுத்த நாள் தனலெட்சுமி அரைநாள் வேலையை விட்டுவிட்டு, மகளையும் ஒரு பிளாஸ்டிக் பையையும் கையில் பிடித்துக்கொண்டு பாடசாலை அதிபர் சோமசுந்தரத்தின் அறைக்குள் நுழைந்தார். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தின் பொருட்டு நானும் அங்கே அமர்ந்திருந்தேன்.

"எம்மவளுக்குப் பொறப்புரிமை இல்லேன்னு லயமே பேசுது. எந்த சேர் சொன்னது?" என்று கேட்டபடியே பையிலிருந்த தாள்களை மேசையில் ஒவ்வொன்றாக வைத்தார். "இது இவ பொறப்புச் சான்றிதழ். நுவரெலியா ஆஸ்பத்திரியில பொறந்தா. இது எங்க மாமனாரு பிரஜாவுரிமை எடுத்த கடுதாசி. இது அவங்கப்பா ஐடென்டி காட். இன்னும் என்னா வேணும்? எங்க பாட்டங்கிட்ட கேட்டாங்க, அப்பங்கிட்ட கேட்டாங்க, இப்ப இவகிட்டயுமா?"

அதிபர் புன்னகை செய்தார். எனக்கும் புன்னகை வந்தது. அதை இன்று வெட்கத்துடன் எழுதுகிறேன். அந்தத் தாயின் பிழையில் சிரிப்பதற்கு என்ன இருந்தது? என் தந்தையும் நாடற்றவர் என்ற பெயருடனேயே இறந்தார். உரிமை என்ற சொல்லைக் கேட்டதும் கடுதாசியைத் தேடும் கை எங்களுடைய கை.

"அம்மா, அது வேற, இது வேற" என்றார் அதிபர். "இது விஞ்ஞானம். அப்பா அம்மாகிட்ட இல்லாத ஒரு கொணம் புள்ளைக்கு வந்துச்சுன்னா..."

அத்துடன் நின்றுவிட்டார்.

"வந்துச்சுன்னா?" என்றார் தனலெட்சுமி.

அதிபர் தண்ணீர்க் குவளையை எடுத்தார்.

"வந்துச்சுன்னா என்னாங்க சேர்? சொல்லுங்க."

சொல்லாமலே அந்தத் தாய்க்கு விளங்கிவிட்டது. முகம் இறுகியது. தாள்களை மீண்டும் பைக்குள் அடுக்கினார். ஒன்றும் கசங்காமல், ஓரம் பார்த்து அடுக்கினார். பிறகு நிமிர்ந்தார்.

"இதுக்குக் கடுதாசி எந்தக் கந்தோர்ல குடுக்குறாங்க?"

அந்த அறையில் படித்தவர் இருவர் இருந்தோம். இருவருக்கும் விடை தெரியவில்லை. அந்த மௌனத்தை எப்படியாவது முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் நான் வாய்திறந்தேன். "நிலக்ஷி, ஒரு சொல்தானே? 'இயலாது' என்பதை 'இயலும்' என்று திருத்திவிடு. எல்லாம் அடங்கிவிடும்."

ஒற்றுப்பிழைக்கு மாணவரை வெளியே நிறுத்திய நான், ஒரு சொல்தானே என்றேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"மாத்துனா நான் பொய் சொன்னவ. மாத்தாட்டி எங்கம்மா பொய் சொன்னவங்க. அப்பிடித்தானேங்க சேர்? நான் பொய் சொல்லல. எங்கம்மாவும் சொல்லல. அப்ப பொய் வேற எங்கயோ இருக்கு. நான் தேடிக்கிறேன்."

"எங்கே தேடுவாய்?"

"நாக்கு இருக்குற எடத்துல."

மறுநாள் மாலை அவள், ஆட்களை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை சோலைமலையிடம் போய், திங்கட்கிழமைப் பெரட்டில் கால்மணி நேரம் கேட்டாள். பெரட்டுக் களத்தில் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சுக்கு இடமில்லை என்று அவர் மறுத்தார். "ஐயா, ஒரு வாரமா வேல நேரத்துல எங்கம்மாவப் பத்தித்தானே பேசுறாங்க? அதுக்கு மட்டும் எடம் இருக்கா?" என்று கேட்டாள். அவர் நெடுநேரம் தலையைச் சொறிந்தார். பிறகு, "தொரை வர்றதுக்குள்ள முடிச்சிரணும்" என்றார்.

வீரய்யாதான் வர மறுத்தார். "நீங்க வந்தாத்தான் மொத வரி எழுதுவேன். வராட்டி வெறும் கொப்பியோட அங்கயே நிப்பேன்" என்றாள் மகள். வந்தார். எல்லாருக்கும் பின்னால், குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவளுக்குத் தவறான ஆலோசனை கூறியவன் என்பதால் நானும் போயிருந்தேன். எவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, கேட்காததே நல்லது.

அறுபத்துமூன்று பேர். இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிய பெண்கள் ஒருபுறம், கத்தியுடன் ஆண்கள் மறுபுறம். நிலக்ஷி ஒரு கல்மேல் ஏறி நின்றாள்.

"வீரய்யா, எங்கப்பா. முன்னுக்கு வாங்கப்பா."

கூட்டம் வழிவிட்டது. அவர் முன்னால் வந்து வாயைத் திறந்தார். நாக்கு தட்டையாகவே கிடந்தது. பிறகு ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"அண்ணே, கவ்வாத்துக் கத்தியையா வாய்க்குள்ள வச்சிருக்கீங்க? அப்பிடியே தட்டையா இருக்கே!"

சிரிப்பு வெடித்தது. அது பத்து நாளாகக் கேட்ட சிரிப்பு அன்று. வீரய்யாவும் சிரித்தார். நிலக்ஷி எழுதிக்கொண்டாள். "அடுத்தது நீங்க சித்தப்பா. சிரிச்சது போதும், நாக்க நீட்டுங்க."

ஒருவர்பின் ஒருவராக நீட்டினார்கள். வெற்றிலைச் சிவப்பு நாக்கு, தேநீர்க் கறை படிந்த நாக்கு, மடியாத நாக்கை மடித்ததாக வழக்காடிய நாக்கு. பிரதீபனின் தந்தை வந்தார்; மடியவில்லை. தாய் வந்தார், மடியவில்லை. ஒரு வாரமாக வீரய்யாவின் வாசலில் நின்று அவர்கள் மகன் நாக்கை மடித்துக் காட்டியதைக் களமே கண்டிருந்தது. களம் முழுவதும் ஒரு முணுமுணுப்புப் பரவியது. அவன் தன் அட்டவணையில் பெற்றோருக்கு 'இயலும்' என்றே எழுதியிருப்பான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நிலக்ஷிக்கும் உறைத்திருக்க வேண்டும். அவள் தலைநிமிரவில்லை. இரண்டு பெயர்களையும் எழுதிவிட்டு, "அடுத்தது" என்றாள்.

அடுத்து வந்தவர்கள் அம்மாக்கண்ணுவின் இரட்டைப் பிள்ளைகள், திலக்ஷனும் துஷாந்தும். ஒரே கரு பிரிந்து பிறந்தவர்கள் என்று கிளினிக் அட்டையிலேயே எழுதியிருந்தது. ஒருவன் பெயரை மற்றவனுக்கு எழுதிச் சோலைமலை திட்டு வாங்காத மாதமில்லை. திலக்ஷனின் நாக்கு சுருண்டு குழலாயிற்று. துஷாந்தின் நாக்கு அசையவில்லை.

"நல்லா மடிங்க அண்ணே" என்றாள் நிலக்ஷி.

"வர மாட்டேங்குது தங்கச்சி. சின்னதுலேருந்தே இவனுக்கு வரும், எனக்கு வராது."

பெண்கள் பக்கத்திலிருந்து அம்மாக்கண்ணு இடுப்பில் கைவைத்தபடி முன்னே வந்தார். "ரெண்டும் எம்வயித்துல ஒண்ணாத்தானே கெடந்துச்சு! ஒண்ணுக்கு மடியுது, ஒண்ணுக்கு மடியல. அப்ப என்னாங்கடி, பாதி வயித்துக்கு ஒரு புருசன், மீதி வயித்துக்கு இன்னொருத்தனா? தனலெட்சுமியப் பேசுன வாயெல்லாம் இப்பப் பேசட்டும், கேப்போம்!"

ஒரு வாயும் பேசவில்லை. பேச முடியாத நிலையும் இருந்தது: விட்டுப்போனவர்களை விரைவில் முடிப்பதற்காக, வரிசையில் நின்ற அனைவரையும் ஒன்றாக நாக்கை நீட்டுமாறு நிலக்ஷி கட்டளையிட்டிருந்தாள். அந்த வேளையில்தான் தோட்ட நிர்வாகியான தொரையின் ஜீப் வளைவில் திரும்பியது. இறங்கிய தொரையின் கண்களுக்குத் தெரிந்தவை, தம்மை நோக்கி நீண்ட இருபது நாக்குகள்.

"என்னா இது? எனக்கா நாக்கு காட்டுறது? ஸ்ட்ரைக்கா?"

"இல்லீங்க தொரை" என்றார் சோலைமலை, வியர்த்துப்போய். "சயன்ஸுங்க."

"ஒங்க நாக்கையும் எழுதவாங்க?" என்று கேட்டாள் நிலக்ஷி.

தொரை ஜீப்பில் ஏறினார். கண்ணாடிக்குள் அவர் வாய் ஒருமுறை திறந்து மூடியதாகப் பெண்கள் இன்றும் சொல்கிறார்கள். நான் காணவில்லை, ஆதலின் உறுதியாக எழுதேன்.

அன்று எட்டு மணிக்கு வீரய்யா வேலை உடுப்புடனேயே மகளுடன் பாடசாலைக்கு வந்தார். தந்தையின் கையொப்பம் பெற்ற அட்டவணையைத் தந்தையே கொண்டுவந்தால் எவரும் மறுக்க முடியாது என்றாள் அவள். வகுப்பறை வாசலில் அவர் நின்றார். அவருக்குச் சற்றுப் பின்னால், தாழ்வாரத்தில், நான் நின்றேன்.

நிரஞ்சன் அட்டவணையைப் புரட்டினார். இரட்டையரின் வரியில் அவர் விரல் நின்றது. "அறுபத்துமூணு பேரு போதாது" என்றார்.

"போதாட்டிப் பக்கத்து டிவிசனுக்கும் போறேன் சேர். நீங்க எத்தன பேரப் பாத்துட்டு 'பிறக்காது'ன்னு எழுதுனீங்க?"

நிரஞ்சன் வட்டவளையிலிருந்து வந்த இளைஞர், கெட்டவர் அல்லர். எழுதப்பட்டதை நம்பப் பழகியவர். அவருடைய காதுகள் சிவந்தன.

அப்போது பிரதீபன் எழுந்தான். பெரட்டுச் செய்தி அவனை எட்டியிருந்தது; பேச்சை வேறு எவர் பக்கமாவது திருப்ப வேண்டிய தேவை அவனுக்கு இருந்தது.

"சேருக்கு மடியுந்தானே! அன்னைக்கு மடிச்சுக் காட்டுனாரே! சேரோட அம்மாவுக்கு மடியுமான்னு இப்பவே போன் போட்டுக் கேப்பமா?"

வகுப்பு, பத்து நாளுக்கு முன்பு சிரித்ததுபோலவே, சிரித்தது. ஆசிரியரின் கை மேசையின் விளிம்பைப் பற்றியது. என் மனத்தில் ஒரு கொடிய மகிழ்ச்சி எழுந்தது. கேளுங்கள், கேளுங்கள் என்று அது துள்ளியது.

"வேணாம்" என்றாள் நிலக்ஷி.

அவள் குரல் உயரவில்லை. ஆனால் சிரிப்பு அறுந்தது.

"யாரோட அம்மாவையும் கேக்க வேணாம். சேரோட அம்மாவையும் கேக்க வேணாம், ஒங்கம்மாவையும் கேக்க வேணாம் பிரதீபன். நாக்க வச்சு அம்மாவக் கேக்க முடியாதுன்னுதான் அறுபத்துமூணு வரி எழுதிட்டு வந்திருக்கேன்."

பிரதீபன் அமர்ந்தான். நிரஞ்சன் அட்டவணையை இரண்டு கைகளாலும் அவளிடம் நீட்டினார்.

"வாசிங்க நிலக்ஷி. எல்லாரும் எழுதிக்கங்க" என்றார். மாணவி ஒருத்தியை அவர் 'வாசிங்க' என்று பன்மையில் விளித்ததை அன்றுதான் கேட்டேன்.

அவள் வகுப்பை நோக்கித் திரும்பி நின்று வாசித்தாள்.

"ஒன்று. வீரய்யா, தந்தை. மடிக்க இயலாது."

நிறுத்தினாள். வாசலைப் பார்த்தாள். எவரும் கேட்காமலே, அந்த வரியை மறுபடியும், இன்னும் உரக்க வாசித்தாள்.