பிளாட்பாரத்தில் ஒரு மெழுகு ஆள்

கிறிஸ்துராஜுக்குக் கை சும்மா இருக்காது. சேலம் அரிசிப்பாளையத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த மனுஷன், வருகிற கல்யாண ஜோடிகளைப் படம் எடுத்து அனுப்பிவிட்டுச் சிவனே என்று இருந்திருக்கலாம். இருப்பாரா? ஏற்காட்டு எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சீமைக்குக் கிளம்பிய ஒரு துரை ஏலம் போட்ட சாமான்களில், சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை ரயில் ஒன்று இருந்தது. அதை வாங்கி வந்தார். அன்றோடு வீட்டுக் கூடம் போய் ஜங்ஷன் வந்துவிட்டது.

வருஷா வருஷம் கோயிலுக்குக் கிறிஸ்துமஸ் குடில் கட்டிப் பழகிய கை அது. கோணிச் சாக்கைப் பசையில் முக்கிப் போர்த்திச் சேர்வராயன் மலையை எழுப்பினார். குடிலைச் சுற்றிக் கேழ்வரகு முளைக்கப் போடுகிற மாதிரியே தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் விதைத்து, பச்சைப் பசேலென்று வயல் வரவழைத்தார். காய்ந்த துளசிக் குச்சிகள் மரமாயின. ஆற்றுமணலை அரித்துக் கரியில் புரட்டித் தண்டவாளத்துக்கு ஜல்லி கொட்டினார். ஸ்டேஷனுக்கு வெளியே வேலி, வேலிக்கு வெளியே ஊருக்குப் போகிற மண்ரோடு. எல்லாம் நாலு பலகை மேசைக்குள்.

படம் பிடிப்பதில்தான் சூட்சுமம். பொம்மையை மேலிருந்து எடுத்தால் பொம்மையாகத்தான் தெரியும். கிறிஸ்துராஜ் லென்ஸைப் பிளாட்பாரத்தில் நிற்கிற ஆளின் கண் மட்டத்துக்கு இறக்கினார். லென்ஸின் துவாரத்தை ஊசிக்கண் அளவுக்குச் சுருக்கினார். அப்போதுதான் கிட்டத்து விளக்குக் கம்பமும் எட்டத்து மலையும் ஒன்றுபோலத் தெளிவாக விழும். வெளிச்சத்துக்கு முற்றத்து வெயிலை முகம் பார்க்கும் கண்ணாடியில் வாங்கிச் சாய்வாக விட்டு, லென்ஸை வெகுநேரம் திறந்து வைத்தார். எஞ்சின் புகைக்குப் பஞ்சு. அந்தப் படத்தைக் கடை வாசலில் மாட்டியபோது ரயில்வேக்காரர்களே நின்று, இது எந்தப் பிளாட்பாரம் என்று சண்டை போட்டார்கள். கிறிஸ்துராஜுக்குத் தலை கால் புரியவில்லை.

அதைப் பார்த்துத்தான் அப்புசாமி உள்ளே வந்தார். புதுச்சத்திரத்துப் பக்கம் தோட்டம் துரவோடு இருக்கிற விவசாயி. மழித்த தலையில் முடி கொஞ்சம் கொஞ்சமாக முளைத்துக்கொண்டிருந்தது.

"இந்த டேசன் படம் நீங்க புடிச்சதுங்களா?"

"ஆமாங்க ஐயா. ஆனா டேசன் இல்லீங்க, பொம்மை. வந்து பாருங்க."

அப்புசாமி மேசையருகே குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர், அப்படியே தரையில் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதார். கிறிஸ்துராஜ் பதறிப்போனார். அவர் மனைவி இன்னாசிமேரி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

விஷயம் இதுதான். அப்புசாமியின் ஒரே மகன் கந்தப்பன் பம்பாயில் ஒரு மில் ஆபீஸில் வேலையாக இருந்தான். வாந்திபேதியில் செத்துப்போனான். தந்தி கிடைத்து ஓடிய அப்பா அங்கேயே கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பினார். வீட்டில் மனைவி சௌந்திரம் இருதயக் கோளாறோடு படுத்த படுக்கை. அதிர்ச்சி ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. மொட்டைக்குப் பழனி வேண்டுதல் என்று ஒரு பொய். கருமாதியும் செய்யவில்லை.

"பையன் ஏன் வரலைன்னு நச்சரிச்சாளுங்க. லீவுல வந்தான், சேலம் டேசன்லயே ஆபீசுத் தந்தி கெடச்சு அடுத்த வண்டிக்குத் திரும்பிட்டான்னு சொல்லிப்போட்டேன். டேசன் வரைக்கும் வந்தவனப் போட்டோகூடப் புடிக்கலையான்னு கேட்டா. புடிச்சேன்னு வாயில வந்துருச்சு. அதக் கண்ணுல பாத்தாத்தான் கஞ்சி குடிப்பாளாமா. பச்சத்தண்ணி பல்லுல படலீங்க." அவர் கிறிஸ்துராஜின் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த டேசன்ல அவன் வண்டி ஏறற மாதிரி ஒண்ணு புடிச்சுக் குடுங்க. அவளும் போயிட்டா நான் யாருக்குங்க உசுரோட இருக்கறது?"

அவர் போனதும் இன்னாசிமேரி பிடித்துக்கொண்டாள். "செத்து, கருமாதிகூடப் பண்ணாத பையன். அவனப் போயி ரயில் ஏத்தறேன்னு நிக்கறீங்களே, உங்களுக்கு வேற பொழப்பே இல்லையா?"

"ஒரு உசுரு போயிடும் மேரி."

"போன உசுரோட வெளையாடாதீங்கன்னுதான் சொல்றேன்."

கேட்டாரா? கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவத்திகளை உருக்கி, கம்பி வைத்து, சுண்டுவிரல் உயரத்துக்கு ஓர் ஆளைச் செய்தார். இடது தோள் சற்று இறங்கியிருக்கும் என்று அப்புசாமி சொல்லியிருந்தார், இறக்கினார். ஒரு கையில் தகரப் பெட்டி, மறு கை ரயில் பெட்டிக் கம்பியில், ஒரு கால் படியில். முகம் செய்யத் தைரியமில்லாமல் முதுகு தெரிகிற மாதிரி நிறுத்தினார்.

லென்ஸை மூடிவிட்டு நிமிர்ந்தபோது அந்த ஆளின் கழுத்து லேசாகத் திரும்பியிருந்தது. கண்ணாடி வெயிலில் மெழுகு இளகிவிட்டது போலும். சேலத்து வெயிலைக் கேட்கவா வேண்டும். இன்னொரு படம் எடுக்க வெளிச்சம் இல்லை. அதையே பிரிண்ட் போட்டார்.

சாட்சிக்கு நீங்களும் வந்தால்தான் ஆயிற்று என்று அப்புசாமி அவரைப் புதுச்சத்திரத்துக்குக் கூட்டிப்போனார். கட்டிலில் ஒரு பிடி எலும்பாகக் கிடந்தாள் சௌந்திரம். அவள் ரயிலையே பார்த்தவளில்லை. அந்தப் பக்கம் ரயில் ஏது? படத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணுக்கு மிகக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"நீங்கதான் கூட இருந்தீங்களா சாமி? என்ன சொன்னான் எம் பையன்?"

இந்தக் கேள்விக்குக் கிறிஸ்துராஜ் தயாராக வரவில்லை. அந்தப் பக்கத்தில் வாசல் தாண்டுகிற எவனும் 'போறேன்' என்று சொல்லமாட்டான்; அபசகுனம். ஊருக்குப் போகிறவன் வாயில் வருவது ஒரே சொல்தான். அதையே சொன்னார். "'வாரேன்'னு சொன்னாருங்கம்மா."

அவள் முகம் மலர்ந்தது. "வாரேன்னானா! ஏனுங்க, கேட்டீங்ளா? பையன் வாரானாமா!"

"அட, அது போறப்ப எல்லாருஞ் சொல்றதுதான் சௌந்திரம்."

"போறவன் முதுகக் காட்டுவான். இவன் மூஞ்சி இந்தப் பக்கமல்லோ இருக்குது. ஏறலீங்க, எறங்கறான்."

கிறிஸ்துராஜ் எட்டிப் பார்த்தார். கன்னம் தெரிந்தது. தான் எடுத்தபோது இவ்வளவு தெரிந்ததா என்று அவருக்கு நிச்சயமில்லை. ஆனால் அதற்குள் அவள் கஞ்சி கேட்டுவிட்டாள். ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தாள். அப்புசாமி சுவர் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஒரு சொல்லைத் திருத்த இருவருக்குமே மனசு வரவில்லை.

சில வாரம் கழித்து அப்புசாமி மறுபடி வந்தார். மனைவி தேறியிருப்பாள் என்ற சந்தோஷம் முகத்தில் துளியும் இல்லை.

"எந்திரிச்சு நடக்கறாளுங்க. நல்லாச் சோறு உங்கறா. ஆனா தெனமும் அந்தப் படத்தப் பாத்துட்டு, பையன் எங்க வந்துட்டான்னு சொல்றா. மல்லூர் வந்துட்டானாமா. ஆண்டகளூர் கேட்டையும் தாண்டிட்டானாமா. நடந்தே வாரானாமா. வழியில இருக்கற அந்த ஊருப் பேரெல்லாம் அவளுக்கு எப்படிங்க தெரியும்? அவ தோட்டம் தாண்டினதில்லீங்க."

"படத்துல ஏதாச்சும்..."

"நான் அந்தப் படத்தப் பாக்கறதில்லீங்க." சட்டென்று சொன்னார். "இன்னொண்ணு புடிச்சுக் குடுங்க. வண்டியும் இருக்கக்கூடாது, ஆளும் இருக்கக்கூடாது. பையன் போயிட்டான் பாருன்னு காட்டிடலாம். இப்பத் தாங்குவா. இப்படிக் காத்துட்டிருக்கறதுதான் எனக்குப் பயமா இருக்குது."

மெழுகு ஆளைத் தேட வேண்டியே இருக்கவில்லை. இன்னாசிமேரி அதை என்றைக்கோ அடுப்பில் போட்டிருந்தாள். கிறிஸ்துராஜ் ரயிலை எடுத்துப் பரணில் வைத்தார். பிளாட்பாரத்தை ஈரத்துணியால் துடைத்தார். கண்ணாடியில் வெயிலை வாங்கிப் படம் எடுத்தார். இருட்டறையின் சிவப்பு விளக்கில், தட்டில் கிடந்த பிரிண்டில் முதலில் மலை வந்தது. பிறகு கூரை, விளக்குக் கம்பம், காலிப் பிளாட்பாரம். நிம்மதியாக மூச்சு விட்டார்.

அப்புறம் வேலிக்கு வெளியே மண்ரோடு வந்தது. அதில் ஓர் ஆள் நடந்துகொண்டிருந்தான். இடது தோள் இறங்கியிருந்தது. கையில் பெட்டி. முகம் நேராகக் கேமராவைப் பார்த்திருந்தது.

ஓடிப்போய் மேசையைப் பார்த்தார். ரோட்டில் ஒரு எறும்புகூட இல்லை. பழைய நெகட்டிவ் எதுவும் கலந்துவிட்டதா என்று பெட்டி முழுவதையும் கொட்டித் தேடினார், இல்லை. இன்னொரு படம் எடுத்தார். இரண்டாவதில் ஸ்டேஷன் பின்னால் சிறுத்துக் கிடந்தது. அந்த ஆள் முன்னால் வந்திருந்தான். சட்டைப் பொத்தான்களை எண்ணலாம். கிறிஸ்துராஜ் செய்யாமல் விட்ட முகம் அதில் இருந்தது. நல்ல முகம்தான், வெயிலில் நடந்து களைத்த முகம். அதுதான் அவரை நிலைகுலைய வைத்தது.

மூன்றாவது எடுக்கவில்லை. இரண்டு பிரிண்டையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறிப் புதுச்சத்திரத்தில் இறங்கினார். உச்சி வெயில். தோட்டத்து வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. குரலைக் கேட்டு அப்புசாமி திறந்து, அவரை உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடி தாழ் போட்டார்.

"தாழ் போடாட்டி ரோட்டுக்குப் போயி நின்னுக்கறா."

சௌந்திரம் தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே வாழையிலை. சுடுசோறும், கடைந்த பச்சைப்பயிறும் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. "வாங்க சாமி. ஒக்காருங்க, ஒண்ணா உங்கலாம். பையன் நம்ம தோட்டத்து வண்டிப்பாதைக்குத் திரும்பிட்டான்."

கிறிஸ்துராஜ் அப்புசாமியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்ப் படங்களை நீட்டினார். அவர் ஒரு தடவை பார்த்தார். ஆச்சரியப்படவே இல்லை. மகன் முகத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதைக் கண்டு கிறிஸ்துராஜுக்கு இன்னும் பயமாகிவிட்டது. இனி உண்மையைச் சொல்லியே தீரவேண்டும், பாவம் தன்னோடு போகட்டும் என்று சௌந்திரத்தின் பக்கம் திரும்பினார். அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் படங்களை மறுபடி சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

வெளியே நாய் குரைத்தது. குரைத்துக்கொண்டிருக்கும்போதே வாயடைத்துப்போய் நின்றது. வாசலில் தகரப் பெட்டி ஒன்றைத் தரையில் வைக்கும் சத்தம். யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"அம்மா."

சௌந்திரம் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

அப்புசாமி கதவை நோக்கிப் போனார். கிறிஸ்துராஜ் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சேசுவே! தெறக்காதீங்க ஐயா. அது உங்க பையன் இல்லீங்க. உங்களுக்கே தெரியும்."

"கொள்ளி வெச்ச கை இதுதானுங்க. எலும்பப் பொறுக்கிக் கடல்ல விட்டதும் இதேதான். எனக்குத் தெரியாதுங்களா?" அப்புசாமியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். "தெரிஞ்சு என்னங்க பண்ணறது? வெயில்ல நிக்கறானே."

சொல்லிக்கொண்டே தாழ்ப்பாளை இழுத்தார்.